பட்டப்பகலில் லைட் போட்ட கார்

மாமி டென்மார்க்கை விட்டு எங்களிடம் வந்தபோது இரண்டு பெட்டிகளும் ஒரு கறுப்புக் காரும் கொண்டுவந்தார். காரை அங்கேயே விற்றுவிட்டு வந்திருக்கலாமே என்று அப்பா கேட்டதற்கு, அது தனக்குப் பழகின கார் என்று மட்டும் சொன்னார். 2009ஆம் ஆண்டு அது. எனக்கு ஒன்பது வயது. மாமி அப்பாவுக்கு அக்கா. லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டு மேலறையை அவருக்கு ஒதுக்கிவிட்டு, என்னுடைய கட்டிலைக் கீழே இறக்கினார்கள். மாமா டென்மார்க்கில் மோசம்போய்விட்டார் என்பதற்கு மேல் எனக்கு எவரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வயதில் செத்துப்போன பெரியவர்கள் எல்லாரும் கிழவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அந்தக் காரில் எல்லாமே இடம் மாறி இருந்தது. ஸ்டியரிங் இடது பக்கத்தில். ஆகவே வலது பக்கம், லண்டனில் டிரைவர் இருக்கவேண்டிய இடத்தில், நான் இருப்பேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் கார்க்காரர் என்னைக் கண்டு திடுக்கிட்டு, என் கையில் ஸ்டியரிங் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்காதது அந்த லைட்தான். மாமி சாவியைத் திருப்பினால் முன் லைட்டுகள் இரண்டும் தாமாகவே எரியும். ஆடி மாதத்து வெயிலிலும் எரியும். டென்மார்க்கில் அதுதான் சட்டம் என்றார் மாமி.

“அக்கா, இஞ்சை அப்பிடிச் சட்டம் ஒண்டும் இல்லை. பற்றறி இறங்கிப்போகும், நிப்பாட்டிப்போட்டு ஓடுங்கோ,” என்று அப்பா சொல்லிப் பார்த்தார்.

“இறங்கினால் ஏத்தலாம் தம்பி,” என்றார் மாமி.

அதன் பிறகும் அப்பா விடவில்லை. மாமி வெளிக்கிடும்போதெல்லாம், சூரியனுக்கு வெளிச்சம் காட்டப் போகிறார் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பார். தெருவிலும் அதே கதைதான். எதிரே வருகிறவர்கள் தங்கள் லைட்டை இரண்டு முறை சிமிட்டி, உங்களுடைய லைட் எரிகிறது என்று எங்களுக்கு உணர்த்துவார்கள். மாமி தலையை ஆட்டி நன்றி சொல்வார். அணைக்கமாட்டார்.

பள்ளிக்கூடத்தில் இதை ஒருநாள் பகிடியாகச் சொன்னேன். கூடப் படித்த பிள்ளை ஒருத்தி சிரிக்கவில்லை. பகலில் லைட் எரிகிற கறுப்புக் கார் என்றால் அது செத்தவர்களை ஏற்றிப் போகும் கார் என்றாள். அவ்வளவுதான். அன்று பின்னேரம் வீடு திரும்பும்போது எதிரே ஒரு கார் சிமிட்டியது. அதை ஓட்டிவந்த கிழவரின் பார்வை மாமியைத் தாண்டி, என்னையும் தாண்டி, பின் இருக்கைக்குப் போனதை என் கண்ணால் கண்டேன் என்று சத்தியம் செய்யவும் அப்போது தயாராக இருந்தேன். சிமிட்டுகிறவர்கள் லைட்டைப் பற்றிச் சொல்லவில்லை. உங்களுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார் என்று சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் காரில் நான் ஒருபோதும் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை.

மார்கழி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை. தமிழ்ப் பள்ளிக்கூடம் வெம்பிளியில். அப்பாவுக்கு ஷிப்ட், ஆதலால் மாமிதான் ஏற்றிப் போனார். வீட்டை விட்டு வெளிக்கிடும்போதே மூடுபனி. எங்களுக்கும் வெம்பிளிக்கும் நடுவில் ஒரு துண்டு ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயல்வெளி, வீடு வாசல் கிடையாது. லண்டனுக்குள்தானா இருக்கிறோம் என்று சந்தேகம் வரும் இடம் அது. அங்கே வந்ததும் பனி மிகவும் தடித்துவிட்டது. எங்கள் லைட் வெளிச்சம் சற்றுத் தூரம் போய், பிறகு சுவரில் முட்டியதுபோல நின்றது. மாமி ரேடியோவை நிறுத்தினார். நடக்கும் வேகத்தில் ஓட்டினார்.

திடீரென்று பிரேக் போட்டார். முன்னால் பனி ஒரு காராக மாறியிருந்தது. வெள்ளி நிறம். லைட் இல்லை. ஒரு சில்லு நடைபாதை விளிம்பில் ஏறியிருக்க, ரோட்டுக்குக் குறுக்கே சரிந்து நின்றது. டிரைவர் பக்கக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் வைப்பர்கள் அங்கும் இங்கும் போய் வந்தன.

“மாமி?”

மாமி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அந்தத் திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது. பிறகு நித்திரையால் எழும்பினவர்போல அசைந்து, சிமிட்டும் லைட்டுகளையும் போட்டார்.

“பிள்ளை, உன்ரை பக்கத்தாலை இறங்காதை. அது ரோட்டுப் பக்கம். என்ரை சீட்டாலை வா. அந்த வேலியோடை போய் நில். நான் கூப்பிடும்வரைக்கும் அசையக்கூடாது.”

இறங்கி வேலியோடு ஒட்டி நின்றேன். மாமி காரின் பின்பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, நாங்கள் வந்த பக்கமாக நடந்தார். நாலு எட்டில் பனி அவரை விழுங்கிவிட்டது. அவருடைய சப்பாத்துச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எனக்கு முன்னால் ஆளில்லாத அந்தக் காரும் அதன் வைப்பர் சத்தமும்தான்.

அப்போதுதான் குரல் கேட்டது. வயல் பக்கமிருந்து ஓர் ஆண் குரல், ஒரு பெண்ணின் பெயரை அழைத்தது. டோரீன். கொஞ்சம் விட்டு மறுபடி டோரீன், இந்தமுறை வேறொரு பக்கமிருந்து. வேலியின் இடைவெளியால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வெளியே வந்தார். நெற்றியில் இரத்தக் கோடு. ஒரு காலில் சப்பாத்து இல்லை. என்னைக் கண்டு மிகவும் மரியாதையாக, என் மனைவியைக் கண்டாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார். சில்லைப் பார்க்க இறங்கினவள், இப்போதுதான் இங்கே நின்றாள், பகல்தானே, எங்கே போய்விடுவாள் என்றார். பகல்தானே, பகல்தானே என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மாமி பனிக்குள்ளிருந்து ஓடிவந்தார். அவர் கண் கிழவரைத் தாண்டி, வெள்ளிக் காருக்கு முன்னால் புல் ஓரத்துக்குப் போனது. நானும் பார்த்தேன். ஒரு பச்சைக் கோட்டின் ஓரம் தெரிந்தது. யாரோ கோட்டைத் தவறவிட்டிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். கிழவரும் அந்தப் பக்கம் திரும்பத் தொடங்கினார். மாமி பாய்ந்து அவருடைய முகத்தை இரண்டு கைகளுக்குள்ளும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். முன்பின் தெரியாத ஆணின் முகத்தை மாமி தொடுவார் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தொட்டதுமல்லாமல் பேசத் தொடங்கினார். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. அது மாமியின் குரலாகவும் இல்லை. தணிந்த, இனிமையான, யாரோ வேறொரு பெண்ணின் குரல். கிக் போ மாய், கிக் போ மாய் என்று நிறுத்தாமல் சொன்னார். அதில் எனக்குப் புரிந்த சொல் ஒன்றே ஒன்று. போ.

மாமியில் ஏதோ வந்து ஏறிவிட்டது என்று எனக்கு விளங்கியது. பின் இருக்கையில் அத்தனை நாளும் இருந்தது இப்போது மாமியின் வாயால் பேசுகிறது. அல்லது, அதைத்தான் மாமி போ என்று துரத்துகிறார்.

எதிர்ப்பக்கத்தால் ஒரு லொறி வந்து, பெருமூச்சோடு நின்றது. அது நின்ற இடத்துக்கும் பச்சைக் கோட்டுக்கும் இடையில் ஒரு கட்டில் போடக்கூட இடம் இருக்காது. இரண்டு லைட்டுகள் அசையாமல் நிற்பதைக் கண்டுதான் மெதுவாக்கினேன், மற்றபடி எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று லொறிக்காரர் சொன்னார். அம்புலன்சை அழைத்தவரும் அவர்தான். அது வரும்வரை மாமி கிழவரின் முகத்திலிருந்து கையை எடுக்கவே இல்லை.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், யாரைப் போகச் சொன்னீர்கள் என்று கேட்டேன். மாமி என்னை விநோதமாகப் பார்த்தார்.

“நானோ? நான் அவரோடை ஒண்டும் கதைக்கேல்லையே பிள்ளை.”

பச்சைக் கோட்டோடு கிடந்த அந்தக் கிழவி, டோரீன், பிழைத்துக்கொண்டார். இடுப்பெலும்பு முறிவு என்று, மாமியிடம் விசாரிக்க வந்த பொலிஸ்காரப் பெண் சொன்னாள். பின்னால் வந்த ஏதோ ஒரு வாகனம் லைட் இல்லாத காரைக் கடைசி நேரத்தில் கண்டு விலத்தியபோது அவரைத் தட்டிவிட்டு நிற்காமல் போயிருந்தது. என்னிடம் கேட்டிருந்தால் வேறு காரணம் சொல்லியிருப்பேன். மாமி போ என்றார், அது போய்விட்டது, கிழவி பிழைத்தார். அப்பா அதன் பிறகு சூரியனுக்கு வெளிச்சம் காட்டும் கதையை எடுக்கவில்லை. தன்னுடைய காரிலும் பகலில் லைட் போடத் தொடங்கினார். அவருக்கும் பேய்ப் பயம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா எப்படிப் போனார் என்பதை அம்மா எனக்குச் சொன்னபோது நான் பல்கலைக்கழகத்தில் இருந்தேன். அங்கேயும் ஒரு பனிக்காலைதான். எதிரே லைட் போடாமல் வந்த கார். மாமாவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ரோட்டோரத்தில் மாமியின் முகத்தைப் பிடித்து, மாமா கிடந்த பக்கம் திரும்பவிடாமல் வைத்திருந்தவர், அந்த வழியால் வந்த முன்பின் அறியாத ஒரு டேனிஷ்காரி. பெயர்கூடச் சொல்லாமல் போய்விட்டாராம். பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் டென்மார்க்கிலிருந்து வந்த ஒருத்தி இருந்தாள். அவளிடம் மாமி கிழவருக்குச் சொன்ன அந்த மூன்று சொற்களையும் சொல்லிக் காட்டி அர்த்தம் கேட்டேன். என்னைப் பார், என்றாள். குழந்தைகள் பயந்தால் அப்படித்தான் சொல்வோம்.

ஆனால் ஒன்பது வயதில் எனக்கு எதுவும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை நல்ல வெயில். அதே ரோட்டால், அதே காரில், லைட்டைப் போட்டுக்கொண்டு போனோம். புல் ஓரத்தில் ஒரு அடையாளமும் இல்லை. அந்த இடத்தைத் தாண்டும்போது மாமி கொஞ்சம் மெதுவாக்கினார். நான் துணிவை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“மாமி, அது திரும்பி வருமோ?”

எது என்று அவர் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்தபடியே, “சில நேரம் வரும் பிள்ளை,” என்றார்.

நான் உடனே கதவைப் பூட்டினேன்.