எங்கள் அறிக்கையின் கடைசிப் பக்கம்

நிர்வாகம் எங்களிடம் ஆதாரம் கேட்டபோது நாங்கள் மகிழ்ந்துபோனதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஆராய்ச்சியே பிழைப்பாக இருப்பவர்களிடம் போய் ஆதாரம் கேட்டால் என்ன ஆகும்? கரும்பு தின்னக் கூலியா என்று கிளம்பிவிட்டோம்.

மலேசியாவில் ஜொகூர் பாருவுக்கு வெளியே, எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் இருந்த நிலத்தில் எழுந்த ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி அலுவலர். எங்கள் வேலை நிதியோடு வரும், நிதியோடு போகும். ஒரு திட்டம் முடிந்து அடுத்ததற்கு ஒப்புதல் வர மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். திரும்பி வந்தால் புது ஆள். பழைய சர்வீஸ் எல்லாம் அம்போ. அதனால் அந்த முறை கூட்டு ஒப்பந்தப் பேச்சில் எங்கள் தொழிற்சங்கம் ஒரு புது விதியைப் பிடிவாதமாகக் கேட்டது. இரண்டு திட்டங்களுக்கு நடுவில் ஆளை நிறுத்தக் கூடாது, வேறு வேலை கொடுத்தாவது வைத்துக்கொள்ள வேண்டும். இதனால் எத்தனை பேருக்குப் பாதிப்பு என்றுதான் நிர்வாகம் ஆதாரம் கேட்டது.

அந்த விதி யாருக்கு உடனடித் தேவை என்பது எங்களுக்குத் தெரியும். மெர்சிங் கடலோரத்தில் கடற்புல் எண்ணுகிற பெண் ஒருத்தி பேச்சுக் குழுவில் இருந்தாள். குளுவாங் ஊர்க்காரி. நீர் வற்றும் நேரம் பார்த்துப் போய், பிளாஸ்டிக் குழாயில் தானே செய்த சதுரச் சட்டத்தைச் சேற்றில் வைத்து, அதற்குள் இருக்கும் புல்லை எண்ணுவாள். மாதம் தவறினால் கணக்குக் கெட்டுவிடும் என்று காய்ச்சலோடும் போவாள். நான் அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய திட்டம் அந்த ஆண்டுக் கடைசியில் முடிய இருந்தது. அடுத்ததற்கு விண்ணப்பம் போயிருந்தது. வீட்டுக் கடன் கட்டுகிறவளால் சம்பளமில்லாமல் காத்திருக்க முடியாது.

ஆதாரத்துக்கான கருத்தாய்வை அவளே எடுத்துக்கொண்டாள். கேள்விகளை எழுதி, எல்லாத் துறைக்கும் அனுப்பி, பதில் போடாதவர்களை நச்சரித்து, அருமையான அறிக்கை ஒன்றைத் தயாரித்தாள். கடைசிப் பக்கத்தில், எங்கள் தொழில் வழக்கப்படி, ஆய்வின் குறைபாடுகள் என்று ஒரு பகுதி. வேலை போனவர்களின் பல்கலைக்கழக மின்னஞ்சல் அன்றே நின்றுவிடுவதால் பலரை எட்ட முடியவில்லை. மனக்குறை உள்ளவர்களே அதிகம் பதில் எழுதியிருக்கலாம். ஆகவே இந்த முடிவுகளை எல்லோருக்கும் பொருத்திச் சொல்ல இயலாது.

சங்கத் தலைவி அலுவலகப் பிரிவில் வேலை பார்க்கும் மலாய்க்காரப் பெண்மணி. இந்தப் பக்கத்தை எடுத்துவிடலாமே என்றார். மீன் விற்கிறவன் தன் மீன் நேற்றுப் பிடித்தது என்று கூவி விற்பானா என்று மலாயில் கேட்டார். நாங்கள் சிரித்தோம். அது இல்லாவிட்டால் அது அறிக்கையே இல்லை என்று ஆளாளுக்கு அவருக்கு விளக்கினோம். படித்த திமிர் என்று இப்போது தோன்றுகிறது. அன்று பெருமையாகத்தான் இருந்தது.

பேச்சு மேசையில் மனிதவளப் பிரிவுத் தலைவர் அறிக்கையைப் பின்னாலிருந்து புரட்டினார். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நிதானமாக, சத்தமாகப் படித்தார். எல்லோருக்கும் பொருந்தாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்புறம் எல்லோருக்கும் எதற்கு ஒரு விதி என்றார். எட்ட முடியாமல் போனவர்கள்தான் வேலை இழந்தவர்கள், அவர்களையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகத் தெரியும் என்று அவள் சொன்னாள். அதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார். இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைச் செய்திருந்தோம். விதி போனது. பதிலுக்கு மருத்துவச் சலுகை கொஞ்சம் கூடியது, கார் நிறுத்துமிடத்துக்குக் கூரை வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

ஆண்டு முடிவில் அவள் போய்விட்டாள். சிங்கப்பூரில் ஓர் உணவுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்ட வேண்டும். போகும்போது சதுரச் சட்டத்தை என் அறையில் சாய்த்து வைத்தாள்.

"புதுசா வர்றவங்ககிட்ட குடுத்துருங்க அண்ணே. ஒரு மூலையில டேப் லூசா இருக்கு, பாத்துக்கச் சொல்லுங்க."

மெர்சிங்கில் மழைக்காலம் ஓய்ந்ததும் அவள் திட்டத்துக்கு ஒப்புதல் வந்தது. எண்ணத்தான் ஆள் இல்லை. சேற்றில் இறங்க வந்த யாரும் நிலைக்கவில்லை, சதுரச் சட்டம் என் அறையிலேயே கிடந்தது.

ஒப்பந்தம் காலாவதியாகி மறுபடி பேச்சு தொடங்கியது. மறுபடி கருத்தாய்வு. இந்த முறை பதில் எழுதியவர்கள் முன்னைவிடக் குறைவு. அறிக்கை மட்டும் வண்ணப் படங்களோடு பளபளவென்று வந்தது. கடைசிப் பக்கம் இல்லை. யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை. யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். மனிதவளத் தலைவர் வழக்கம்போலப் பின்னாலிருந்து புரட்டினார். ஒன்றும் அகப்படவில்லை. தேநீர் வருவதற்குள் விதி எங்களுக்குக் கிடைத்துவிட்டது.

அன்று மாலையே அவளைப் போனில் கூப்பிட்டேன். இனி அவள் பயமில்லாமல் திரும்பி வரலாம், அந்த வேலைக்கு இப்போதும் ஆள் தேவை, அதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரே பரபரப்பு எனக்கு. அவள் எல்லையில் குடிநுழைவுச் சோதனை வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தாள். விதி கிடைத்த செய்தியைச் சொன்னதும் உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு, பிறவிக் குணம் போகுமா, எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்று கேட்டாள். சொன்னேன்.

"கம்மியா இருக்கு லா. அத எழுதுனீங்களா?"

"இல்ல."

வரிசை நகர்ந்ததோ என்னவோ, மோட்டார் சைக்கிளை முறுக்கி முன்னால் நகர்த்தினாள்.

"பரவால்ல அண்ணே. கெடைச்சிருச்சில்ல."

வீட்டில் எல்லோரும் நலமா என்று விசாரித்தேன். திரும்பி வா என்று கூப்பிடாமலே போனை வைத்தேன்.