தொண்ணூற்று மூன்றில் கொதித்த தண்ணீர்

மூடியின் மேல் கல் கடகடவென்று ஆடும் சத்தத்தில்தான் எனக்குப் பொழுது விடியும். கொடைக்கானலில் மூஞ்சிக்கல் பக்கம் இருந்த எங்கள் தகரக்கூரை வீட்டில், அம்மா பருப்புப் பானையைத் தட்டால் மூடி, விளிம்பைச் சுற்றி ஈரத்துணியை இறுக்கி, அதன் மேல் ஒரு கனத்த கல்லைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பாள். அதற்குப் பெயரே "பருப்புக்கல்". கல் வைக்காவிட்டால் மதியம் வரை விறகு எரித்தாலும் பருப்பு பல்லில் கடிபடும். ஏன் என்று கேட்டால் குளிர் என்பார்கள், ஈர விறகு என்பார்கள், அம்மாவுக்குக் கைப்பக்குவம் போதாது என்று அத்தைமார் சொல்வார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு. அறிவியல் வாத்தியார் மாற்றலாகிப் போய்விட்டதால் அந்தப் பாடம் கணக்கு வாத்தியார் பாக்கியநாதன் சார் தலையில் விழுந்தது. அவர் மேலூர்க்காரர், எங்கள் குளிருக்கு வகுப்பிலும் "மங்கி குல்லா"வைக் கழற்றாதவர். பள்ளியில் இருந்த ஒரே தெர்மாமீட்டரைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்டவ்வில் கொதிக்கும் தண்ணீரில் வைத்து, ஒவ்வொருவராக வந்து பார்த்துச் செய்முறை நோட்டில் எழுதச் சொன்னார். நாற்பத்திரண்டு பேர் பார்த்தோம். நாற்பத்தொரு பேர் நூறு டிகிரி என்று எழுதினார்கள், ஏனென்றால் புத்தகத்தில் நூறு, அண்ணன் அக்காமாரின் பழைய நோட்டுகளிலும் நூறு. பாதரசம் நின்ற இடம் தொண்ணூற்று மூன்று. பிடிவாதம் என் கூடப் பிறந்தது, நான் தொண்ணூற்று மூன்று என்றே எழுதினேன்.

சார் அதைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, "பிழை, திருத்துக" என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார். கையெழுத்தில்லாத நோட்டோடு முழுஆண்டுப் பரீட்சையில் உட்கார முடியாது. அப்பாவோ கேரட் லாரி ஓட்டுகிறவர். "இந்த வருஷம் பெயிலானா கேரட் கழுவப் போயிரு புள்ள" என்று ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். என் வயதுப் பெண்கள் நாலைந்து பேர் கேரட் கழுவும் குளிர்ந்த தொட்டிகளில் கைவிரல் விறைக்க நின்றுகொண்டிருந்ததை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போனேன். ரப்பரை எடுத்து அழித்து நூறு என்று எழுத அரை நிமிஷம் போதும், ஆனால் கை வரவில்லை. தெர்மாமீட்டர் பழுதாக இருக்கும், ஒழுங்காகத் திருத்து என்றார் சார். அன்று சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மா பிறந்தது கீழே வத்தலக்குண்டில். கல்லை இறக்கிக்கொண்டே சொன்னாள்: "எங்க ஊர்ல கல்லு எதுக்கு? உலையில போட்டா அரை மணியில மலந்துரும். இந்த ஊர்த் தண்ணி எம்புட்டுக் கொதிச்சாலும் அதுக்குச் சூடு பத்தாது புள்ள." ஆறுதலுக்குத்தான் சொன்னாள். எனக்கோ அழுகை அப்படியே நின்றுவிட்டது.

மறுநாள் வகுப்பில் எழுந்து, "சார், தெர்மாமீட்டர் பழுதுன்னா அது வத்தலக்குண்டுலயும் தொண்ணூத்தி மூணுதானங்க சார் காட்டணும்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. சார் சிரிக்கவில்லை, கணக்கு வாத்தியாருக்கு அந்த வாதம் பிடித்துப்போயிருக்க வேண்டும். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு எங்கள் லாரியிலேயே வருவதாகவும், கீழேயும் தொண்ணூற்று மூன்று காட்டினால் திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் நான் திருத்த வேண்டும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன்.

சனிக்கிழமை "வெள்ளனே" கிளம்பினோம். என் மடியில் பம்ப் ஸ்டவ், காலடியில் தண்ணீர்க் கேன். எனக்கும் அப்பாவுக்கும் நடுவில் சார், தெர்மாமீட்டர் பெட்டியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "லோடு கெடக்கு, இவுகளுக்குச் சுடுதண்ணி வைக்கிற சோலி" என்று அப்பா ஸ்டியரிங்கிடம் முணுமுணுத்தார். பெருமாள்மலையில் வண்டியை ஓரங்கட்டி, கேரட் சாக்கைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். பாதரசம் ஏறி, தொண்ணூற்றைந்தில் நின்றது. சார் குல்லாவைக் கழற்றினார். ஊத்து என்ற ஊரில் தொண்ணூற்றாறு. டம்டம் பாறையில் தொண்ணூற்றேழு. அங்கே சாரின் ஸ்வெட்டரும் கழன்றது. அதற்குள் அப்பாவுக்கே வெறி பிடித்துவிட்டது, "வெரசா ஏறுங்க சார், கீழ போயி பாத்துருவோம்" என்று அவசரப்படுத்தினார்.

வத்தலக்குண்டு மார்க்கெட்டில் கேரட் மூட்டைகளுக்கு நடுவே கடைசி முறையாக ஸ்டவ்வைப் பற்ற வைத்தபோது சுமைதூக்கும் ஆட்களும் வியாபாரிகளும் கூடிவிட்டார்கள். என் நெஞ்சு அடித்துக்கொண்டது பருப்புக்கல் ஆடுவதைப் போல இருந்தது. பாதரசம் தொண்ணூற்று மூன்றைக் கடந்தது, தொண்ணூற்றேழைக் கடந்தது, தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. அந்த நிமிஷத்துச் சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் வாங்கிய எந்தப் பட்டமும் தரவில்லை.

சார் மூன்று தடவை குனிந்து பார்த்துவிட்டு என்னிடம், "இன்னும் ஒன்னு கொறையுதே, ஸ்டெல்லா" என்றார். அதற்கு அப்பாதான் பதில் சொன்னார்: "மல எறங்க எறங்க ஏறுதுல்ல சார், அந்த ஒன்னு கடல்கரையில கெடக்கும்."

திங்கட்கிழமை சார் புத்தகங்களைப் புரட்டிவிட்டு வந்திருந்தார். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது, தண்ணீரை அது அழுத்தும் பாரம் குறைகிறது, அதனால் குறைந்த சூட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறது, கனத்த மூடி ஆவியை அடைத்து அந்த அழுத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறது என்று கரும்பலகையில் பானையும் கல்லும் வரைந்து விளக்கினார். பிறகு, "எல்லாரும் நூறை அழிச்சுட்டுத் தொண்ணூத்தி மூணுன்னு எழுதுங்க. பாத்தத எழுதாம, எழுதிக் கெடந்தத எழுதிருக்கீங்க. நானும் அதத்தான் சரின்னேன்" என்றார். நாற்பத்தொரு ரப்பர்கள் தேய்ந்தன. என் நோட்டு மட்டும் திருத்தப்படாமல் அவர் மேசைக்குப் போய்க் கையெழுத்தோடு திரும்பி வந்தது. வீட்டில் சொன்னபோது அம்மா கல்லைப் பார்த்துவிட்டு, "அப்ப என் கைப்பக்குவத்துல கொற இல்ல" என்றாள். கேரட் கழுவும் பேச்சை அப்பா அதன் பிறகு எடுக்கவேயில்லை.

இன்று எங்கள் வீட்டிலும் குக்கர்தான் கூவுகிறது, பருப்புக்கல் போன இடம் தெரியவில்லை. அந்த லாரி இல்லை, அப்பா இல்லை, சாரும் இல்லை. சார் இருந்த காலத்தில், நான் கல்யாணமாகிக் கடலோரத் தூத்துக்குடிக்கு வந்த முதல் மாதமே பக்கத்து வீட்டு ஆசிரியையிடம் தெர்மாமீட்டர் இரவல் வாங்கித் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். நூறு காட்டியது. "சார், குறைந்த அந்த ஒன்று இங்கே இருக்கிறது" என்று மேலூருக்கு ஓர் அஞ்சலட்டை போட்டேன். பத்து நாளில் பதில் அட்டை வந்தது. அதில் ஒரு சொல்கூட இல்லை. சிவப்பு மையில் பெரிதாக ஒரு சரிக்குறி, அதன் கீழே அவருடைய கையெழுத்து.