எங்க வூட்டுக்கு இந்தப் பொண்ணு பேசும்

சில வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஒரகடத்தை ஒட்டிய ஒரு கிராமத்துக் கல்யாண மண்டபத்தில் நடந்தது இது.

எனக்குத் தென்காசிப் பக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு இங்கே ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, இரண்டு தோழிகளோடு ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே ஹவுஸ் ஓனர் அக்காவின் குடும்பம். அக்காவுக்குக் குரல் கொஞ்சம் பெரிது. மோட்டார் போட்டால் திட்டு, போடாவிட்டால் திட்டு. அவர் வாசலில் நின்றால் நாங்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறுவோம்.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த பெரிய காலி நிலத்தில், அடுக்குமாடி வீடுகள், கடைகள், ஆபீஸ்கள், விடுதி எல்லாம் சேர்ந்து ஒரே இடத்தில் வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. டவுன்ஷிப் என்றார்கள். கட்டப்போகிற கம்பெனி, உள்ளூர் மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போடுவதாக ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தது.

எங்களுக்கு ஒரே ஒரு கவலைதான். அந்தக் காலி நிலத்துக்குள் ஓரமாக ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. எங்கள் கம்பெனி பஸ் நிற்கும் இடத்துக்கு நாங்களும், பக்கத்து ஹாஸ்டல் பெண்களும் அதில்தான் நடப்போம். அது அடைபட்டால் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நடைபாதை இல்லாத ரோடு அது. கன்டெய்னர் லாரி கடந்து போனால் அந்தக் காற்றே ஆளைத் தள்ளும். ஒரு நாள் பாதையில் தண்ணீர் நிற்கிறதென்று ரோட்டு வழியாகப் போன என் தோழி, லாரிக்கு ஒதுங்கப் போய்ப் பள்ளத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரிக்கும்வரை நான்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டேன்.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்துக் கிளம்பி மண்டபத்துக்குப் போனோம். மேடையில் திட்டத்தின் படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து மாட்டியிருந்தார்கள். பச்சையும் நீலமுமாக அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு தேடியும் எங்கள் பாதையை மட்டும் காணவில்லை. நிலம் முழுவதையும் வளைத்துச் சுற்றுச்சுவர் என்று ஒரு தடித்த கோடு.

நேரம் குறைவு, வீட்டுக்கு ஒருவர்தான் பேசலாம் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் மைக்கில் சொன்னார். நான் கை தூக்கினேன்.

"நீ வாடகைக்கு இருக்கற பொண்ணு தானம்மா? இது ஊர்க்காரங்களுக்கு வெச்ச கூட்டம். இன்னிக்கி இங்க இருப்பீங்கோ, நாளைக்கி வேற கம்பெனிக்குப் போயிடுவீங்கோ. உக்காரும்மா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. எழுந்து போய்விடலாம் என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஹவுஸ் ஓனர் அக்காவைக் கூப்பிட்டார்கள்.

அக்காவுக்குப் பேச நிறைய இருந்தது. அவர்களிடம் மிச்சமிருந்த கொஞ்ச நிலம் அந்தக் காலி இடத்தை அடுத்துத்தான் இருந்தது. டவுன்ஷிப்புக்காக மண் கொட்டி மேடாக்கினால் மழைத் தண்ணீர் முழுக்க அந்த நிலத்தில் வந்து நிற்கும். அந்த வாரம் முழுக்க சமையல்கட்டில் புருஷனிடம் அதையே சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். எங்களுக்கு மாடி வரைக்கும் கேட்கும்.

அக்கா மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"வூட்டுக்கு ஒருத்தர்னு தான சொன்னீங்கோ? எங்க வூட்டுக்கு இந்தப் பொண்ணு பேசும்."

"அது எப்டிம்மா? அது உங்க வூட்டுப் பொண்ணு இல்லியே?" என்றார் பெரியவர்.

"எங்க மாடியில தான கீது? எங்க போர் தண்ணி தான குடிக்குது? அப்புறம் இன்னா? ஏ பொண்ணே, வா. எவ்ளோ நேரம் மைக்கப் பிடிச்சிக்கினு நிக்கறது?"

மண்டபமே சிரித்தது. பெரியவரும் சிரித்துவிட்டு, சரி வாம்மா என்றார்.

எப்படி மேடைக்குப் போனேன் என்று ஞாபகமில்லை. வாயைத் திறந்ததும் முதலில் வந்தது என் பாதை இல்லை, அக்காவின் நிலம்தான். வாரம் முழுக்கக் கேட்டதாச்சே, எனக்கே மனப்பாடம். மேடு எங்கே வரும், தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் எங்கள் பாதைக்கு வந்தேன். பதற்றத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "நாங்க அந்த வழியாத்தான் வேலைக்குப் போயிட்டு வாரோம். அத அடைச்சிட்டா எங்களுக்கு வேற வழி இல்லன்னு சொல்லுதேன்" என்றேன். யாரோ "தெக்கத்திப் பொண்ணுப்பா" என்றார்கள். அதில் கேலி இல்லை.

டவுன்ஷிப் கட்டப்போகிற கம்பெனியிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் மேடம், அந்தப் பாதை எங்கே இருக்கிறது என்று படத்தில் காட்டச் சொன்னார். எனக்குக் காட்டத் தெரியவில்லை. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் மேடையேறி வந்து, ஆளுக்கொரு இடத்தில் விரலை வைத்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் இங்கே என்றார் ஒருவர், இல்லை அங்கே என்றார் இன்னொருவர். கடைசியில் அந்த மேடம், "நேர்லயே போய்ப் பாத்துடலாமே" என்று எழுந்துவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! கையில் டீ கப்போடு மொத்தக் கூட்டமும் வெயிலில் நடந்தது. பாதையைப் பார்த்தோம். அக்காவின் நிலத்தில் ஏற்கெனவே நின்ற தண்ணீரைப் பார்த்தோம். கடைசியாக, பாதை அடைபட்டால் நாங்கள் போகவேண்டிய மெயின் ரோட்டுக்கு வந்தோம். அங்கே போய் நின்றதுதான் தாமதம், ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு உரசுவதுபோல் வந்தது. இன்ஜினியர் மேடம், ஊர்ப் பெரியவர், நான் எல்லோரும் ஒரே பாய்ச்சலாக ஓரத்து முள்செடிக்குள் போய் விழாத குறை. பெரியவர் வேட்டியில் ஒட்டிய முள்ளை எடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இதுலயாம்மா தெனம் போய்க்கினு வரணும் நீங்கோ?"

அதற்கப்புறம் அவரே மேடத்திடம், "இந்தப் பொண்ணுங்க வழிய அடைக்கக் கூடாது" என்று பிடித்துக்கொண்டார். நான் எதுவும் பேசவேண்டி வரவில்லை.

திரும்பி வரும்போது அக்காவிடம் கேட்டேன், ஏன் எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள் என்று.

"நான் பேசினா சண்டையா பூடும். நீ பேசினா கேப்பாங்கோ" என்றவர் வானத்தைப் பார்த்தார். "மழ வர மாரி கீது. மாடியில துணி காயுது பாரு, ஓடு."

திட்டம் முடிவாவதற்குள் இன்னும் சில கூட்டங்கள் நடந்தன. எங்களையும் கூப்பிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்குக் கேட்ட விளையாட்டு மைதானம் கிடைக்கவில்லை. ஆனால் சுற்றுச்சுவரை உள்ளே தள்ளிக் கட்டினார்கள். பாதை, விளக்குக் கம்பம் போட்ட பொதுவழியாகிவிட்டது. அக்காவின் நிலத்தை ஒட்டி அகலமாக ஒரு கால்வாய் வெட்டினார்கள். அடுத்த மழைக்கு அங்கே தண்ணீர் நிற்கவில்லை. அதைப் பார்க்க அக்கா எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். வழியெல்லாம் மோட்டாரை நிறுத்தாமல் வந்ததற்குத் திட்டிக்கொண்டே வந்தார்.

கல்யாணமாகி இப்போது வாலாஜாபாத்தில் இருக்கிறேன். எங்கள் தெருவில் எதற்குக் கூட்டம் போட்டாலும் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறேன். பின்னால் யாராவது பேசத் தயங்கி நின்றால், எனக்கு முன்னால் அவர்களைப் பேசவிடுகிறேன். நம்மையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள் என்று தானாகவே ஒதுங்கிக்கொள்கிற குணம் அன்றைக்கு என்னை விட்டுப் போனது. வேலை தேடி வந்த இடத்தில் எனக்கு நடந்ததிலேயே பெரியது அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.