கால் புதையுதுன்னா என்ன அர்த்தம்?

போன வியாழக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது மைத்துனர் ராஜேந்திரனிடமிருந்து போன். திருத்துறைப்பூண்டி பக்கம் நெல் விவசாயம் செய்கிறவர்.

"அத்தான், ஈர வயலுக்கு டயர் வண்டிய அனுப்பியிருக்காங்க. டிரைவர் எறங்கிப் பாத்துட்டு, 'இதுல விட்டா வண்டி அப்படியே ஒக்காந்துரும்'னு திரும்பிப் போயிட்டாரு. சாயங்காலம் மழைங்கறாங்க. கதிரு சாஞ்சு கெடக்கு!"

பேஸ்ட் நுரையைத் துப்பக்கூட மறந்துவிட்டேன். ஏன்? அந்த அறுவடை வண்டி அங்கே போனதில் எனக்கும் பங்கு உண்டு.

அதிராம்பட்டினத்தில் பரீதா என்று என் பத்திரிகைப் பத்தியின் வாசகி ஒருவர், சாஃப்ட்வேர் இன்ஜினீயர். அறுவடை மெஷின் வேண்டுமென்றால் விவசாயிகள் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் போட்டால் போதும் — ஏஐ ஏஜென்ட் ஒன்று அதைப் படித்து, தானே வண்டியை புக் செய்துவிடும். அப்படி ஒரு சேவையை நடத்துகிறார். ஒரு மாதம் முன்பு என்னிடம் ஓர் உதவி கேட்டார்.

"சார், ஏஜென்ட்டுக்கு ரெண்டு டூல் குடுத்திருக்கோம். ஒண்ணு டயர் வண்டி புக் பண்ண, இன்னொண்ணு செயின் வண்டி புக் பண்ண. எதை எடுக்கணும்னு அது எப்படி முடிவு பண்ணும் தெரியுமா? டூலுக்குக் கீழ நாம எழுதியிருக்கறதைப் படிச்சுத்தான். நீங்க எழுதித் தாங்களேன்."

நாலு வரிதானே... வாராவாரம் பக்கம் நிரப்புகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? பத்தே நிமிடத்தில் அனுப்பிவிட்டேன். 'டயர் பொருத்திய நவீன அறுவடை இயந்திரத்தை உழவரின் வயலுக்கு விரைந்து அனுப்பி வைக்கும்.' அடுத்ததும் அதேதான் — 'டயர்' இருந்த இடத்தில் 'செயின்'. பரீதாவும் "சூப்பர் சார்" என்றார்.

எந்த வயலுக்கு எந்த வண்டி? அதை எழுதவே இல்லை! காய்ந்த தரையில் டயர் வண்டி ஓடும். சேற்றில், டாங்கி மாதிரி செயின் பட்டையில் உருளும் செயின் வண்டிதான் போகும். டெல்டாவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஏஜென்ட்டுக்கு யார் சொன்னது?

வாயைக் கொப்பளித்துவிட்டு பரீதாவை அழைத்தேன். ராஜேந்திரனின் மனைவி மலரையும் அதே போன் அழைப்பில் சேர்த்தோம். மெசேஜ் போட்டது அவள்தான். பரீதா அதைத் தேடி எடுத்து வாசித்தார்: 'நாளைக்கு அறுக்கணும். காலு புதையுது. வண்டி அனுப்புங்க.'

"ஈரம்னு ஒரு வார்த்தைகூட இல்லியே அக்கா" என்றார் பரீதா.

"காலு புதையுதுன்னா வேற என்னங்க அர்த்தம்?" என்றாள் மலர்.

இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். தப்பு நடுவில் இருந்த என்னுடையது. "நான் எழுதின லட்சணம்தாம்மா" என்றேன்.

பரீதா முதலில் ஒரு செயின் வண்டியைப் பிடித்தார். பக்கத்து ஊரில் வேலை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கு மேல் வரும். ஆனால் மழைக்கு முன் அறுத்துவிட வேண்டுமென்று மற்றவர்களின் மெசேஜும் வந்து குவிந்துகொண்டிருந்தது. "ஏஜென்ட்ட நிறுத்தி வச்சிருக்கேன் சார். இப்பவே மாத்தி எழுதணும்."

இந்த முறை நான் வீரம் காட்டவில்லை. "மலர், நீ சொல்லும்மா. நான் எழுதிக்கறேன்."

"இதுல என்னண்ணே இருக்கு? காலு புதையுது, சேறா கெடக்கு, தண்ணி வடியலன்னு சொன்னா செயின் வண்டி. தரை காஞ்சு கெடக்குன்னா டயர் வண்டி. ஒண்ணுமே சொல்லலியா... வண்டிய அனுப்பாத, வயலு எப்படி இருக்குன்னு திருப்பிக் கேளு. அவ்ளோதான்."

ஒரு வார்த்தை மாற்றாமல் டைப் செய்து அனுப்பினேன். பரீதா சோதித்துப் பார்க்க ஒரு மெசேஜ் போட்டார்: 'ரெண்டு மா நெல்லு அறுக்கணும், வண்டி வேணும்.' (மூன்று மா, ஓர் ஏக்கர்.) ஏஜென்ட் உடனே கேட்டது: 'வயல் காய்ந்திருக்கிறதா, கால் புதைகிறதா?' போனில் இருந்த இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

பதினொன்றரைக்கு செயின் வண்டி வயலில் இறங்கியது. மூன்று மணிக்குள் நெல் டிராக்டரில் ஏறி, வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது. ஐந்து மணிக்கு மழை. ராஜேந்திரன் போனை வாசல் பக்கம் நீட்டி அந்தச் சத்தத்தை எனக்குக் கேட்கவைத்தார். "கேக்குதா அத்தான்?" கேட்டது. அன்றைக்கு அதைவிட நல்ல சத்தம் வேறில்லை.

யோசித்துப் பாருங்கள்... வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆளிடமும், வீட்டுக்கு வந்த புது மருமகளிடமும் நாம் எப்படிப் பேசுகிறோம்? 'இதைச் செய்' என்கிறோம். எப்போது செய்ய வேண்டும், எப்போது கூடாது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்க வேண்டும் — இதையெல்லாம் அவர்களே தெரிந்துகொள்ள வேண்டும்! தெரியாவிட்டால் கோபம் வேறு.

இந்தப் பத்தியை அனுப்பும் முன் மலருக்குப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எல்லாம் நல்லாருக்குண்ணே. நெல்லு என்ன ரகம்னு சொல்லவே இல்லியே?"

டீலக்ஸ் பொன்னிம்மா... எழுதிவிட்டேன்!