ஜார்ஜ் சாப்பிட வரும் காட்சி

ராயபுரம் பாஸ்கலைப் போலத் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய ஆள் அன்றும் கிடையாது, பிற்பாடும் கிடையாது. நான்காம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அவர் ஒரு முழுப் படத்துக்குத் திரைக்கதை எழுதினார். அந்தப் பேட்டையில் வேறு யாருக்கு அந்தத் தெம்பு இருந்தது? எழுத்துப்பிழைகள் இருந்தன, இருந்துவிட்டுப் போகட்டும்.

கதை அவர் வீட்டுக் கதைதான். தம்பி ஜார்ஜ் கட்டுமரத்தில் போனவன், திரும்பவில்லை. உடல் கரை ஒதுங்காதவனைச் செத்தவன் என்று அந்த மீனவர் குப்பத்தில் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாதா கோயிலில் இறந்தவர் பூசையும் வைக்க மாட்டார்கள். பாஸ்கலின் திரைக்கதையில் அந்தத் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் வருகிறான். தலையில் பாசி, சட்டைப் பையில் துள்ளும் இறால். யாரும் அலறுவதில்லை. அம்மா குழம்பு ஊற்றுகிறாள். சாப்பிட்டுவிட்டுக் கடலுக்குள் நடந்து போகிறான். அடுத்த ஞாயிறும் வருகிறான்.

கூட வேலை செய்யும் ரஷீது டீக்கடையில் கிண்டல் செய்வான்.

"இன்னா மாமு, பேய் பஸ்ஸுல வர்தா, நடந்தே வர்தா?"

"பேய் இல்லடா, என் தம்பி."

ஆனால் கதை முடியும்போது ரஷீதின் டீ ஆறிப்போயிருக்கும். அதுதான் பாஸ்கல்.

அம்மா சிலுவையம்மாளிடம் மட்டும் அந்தக் கதையைச் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில், ரஷீதின் மச்சான் முயற்சியால், கோடம்பாக்கத்தில் ஒரு சினிமாக் கம்பெனியின் கதை இலாகா அவரைக் கூப்பிட்டது. பாஸ்கல் படிக்கப் படிக்க ஒருவர்கூட எழுந்து போகவில்லை. இலாகாத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நெஞ்சைப் பிடிக்குதுப்பா. எடுத்துக்கலாம், உன் பேரையே டைட்டில்ல போடறோம். ஒண்ணு மட்டும் சொல்லு. தம்பி செத்துட்டானா, உயிரோட இருக்கானா?"

பாஸ்கல் தாள்களை அடுக்கினார்.

"செத்துட்டான்னா பேய்ப்படம். இருக்கான்னா குடும்பப்படம். ஜனங்க எதையாவது நம்பணுமில்ல?"

"அவன் வர்றான் சார். அவ்ளோதான்."

"அது போதாதுப்பா. செத்தவன்னு மொத சீன்லயே ஒரு வரி எழுதிக் குடு, முடிஞ்சுது."

ஒரே வரி. எழுதினால் திரையில் பெயர் ஓடும், துறைமுகமே எழுந்து கை தட்டும். பேனாவைத் திறந்து 'ஜார்ஜ்' என்று எழுதினார். வின்ச் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை அடுத்த சொல்லுக்கு நகரவில்லை. பேனாவை மூடி, கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

வீட்டு வாசலில் சிலுவையம்மாள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடா சொன்னாங்கோ?"

"வாணாம்னுட்டாங்கம்மா."

"இன்னாத்துக்கு?"

"நம்ம ஜார்ஜப் பத்தி எய்திகீறேன். செத்துட்டான்னு ஒரு வரி எய்தச் சொன்னாங்கோ. நான் எய்தல."

அம்மாவின் கத்தி நின்றது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தார்.

"படி" என்றாள்.

படித்தார். ஜார்ஜ் வாசலில் வந்து நிற்கும் இடத்திலும் நிறுத்தவில்லை. ஈர உடம்போடு அவன் சோற்றின் முன் உட்காரும் இடத்தில் அம்மா கையை உயர்த்தினாள்.

"தப்பா எய்திகீறே."

பாஸ்கல் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"ஈரத் துணியோட அவன் சோறு துன்ன மாட்டான்டா. கொடியில கீற லுங்கிய எட்த்துக் கட்டிகினுதான் குந்துவான். மாத்து."

பாஸ்கல் அடித்து, மாற்றி எழுதினார். செதில் ஒட்டிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா தாளையே பார்த்திருந்தாள்.

"அப்பால?" என்றாள்.