மதிப்பெண் வராத தேர்வு

எண்ணூரில் நான் 'சோதனை' என்று வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் பதறுகிறார். "பிள்ளைக்குச் சோதனை வருதே, படிக்க வைக்கலையா?" என்று எதிர்வீட்டில் கேட்டேன். அந்த மனிதர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவுக்கே வந்துவிட்டார். "சோதனையா? எவன் வூட்லக்கா? போலீஸா?" மலேசியாவில், எங்கள் கிள்ளானில், பரீட்சைக்கு அதுதானே பேர் என்று நான் விளக்குவதற்குள் பக்கத்து வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். காலையில் பார்ப்பவரிடம் "பசியாறியாச்சா?" என்று கேட்டாலும் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார்கள். தமிழ் பேசுகிற ஊருக்குத்தானே போகிறேன், இதில் என்ன கஷ்டம் என்று விமானம் ஏறியவள் நான். நல்ல வேடிக்கை போங்கள்.

கிள்ளானில் இதை வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். சேலை எடுக்கவும் கோயில் பார்க்கவும் நீங்கள் வந்துபோகிற சென்னை இது இல்லை. இந்தப் பக்கம் வருபவை கண்டெய்னர் லாரிகள்தான். கிள்ளான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர், வேலை பெர்மிட் முடிந்ததும் சொந்த ஊர்த் துறைமுகத்துக்கே திரும்பினார். தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்த நான் வேலையை விட்டு அவர் பின்னால் வந்தேன். காலையில் துடைத்த ஜன்னல் கட்டையில் மத்தியானம் விரலால் கணக்குப் போடலாம், அவ்வளவு சாம்பல் படிகிறது. அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் மாடியிலிருந்து பார்த்தாலே தெரியும். துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்துபோனதால்தான் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்க ஆரம்பித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நெட்டுக்குப்பத்திலிருந்து தேவி வந்தது அப்படித்தான். புருஷன் முகத்துவாரத்தில் இறால் பிடிக்கிறவர். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மோனிஷாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"இன்னாக்கா, நீ அங்க டீச்சராமே? டில்லிலேர்ந்து இதுங்களுக்கு ஏதோ பெரிய பரீட்சை வருதாம். கொஞ்சம் சொல்லிக்குடேன்." மகளை உள்ளே தள்ளிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அப்படியே எனக்கும் கொஞ்சம் மலாய் சொல்லிக்குடு. உங்க ஊருக்கு வூட்டு வேலைக்குப் போறேன். விசாக்கு எய்தி போட்டுகீது."

அன்று முதல் மாலைகளில் என் கூடத்தில் இரண்டு வகுப்புகள் நடந்தன. ஒரு பக்கம் மோனிஷா, சரியான விடைக்குரிய வட்டத்தைக் கோடு தாண்டாமல் கறுப்பாக்கப் பழகினாள். கேள்வியை முழுக்க வாசி, தெரிந்ததை முதலில் செய், தெரியாததில் மாட்டிக்கொண்டு நிற்காதே என்று கிள்ளானில் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். மறுபக்கம் அவள் அம்மா. மாக்கான் என்றால் சாப்பிடு, சாப்பு என்றால் பெருக்கு. "வூட்டுக்குப் போறேன்னு எப்படிக்கா சொல்றது?" என்று கேட்டாள். பாலிக் ரூமா என்றேன். வருடக்கணக்காகச் சொல்லாத சொற்கள் அவை. சொல்லச் சொல்ல என் வாய்க்கு அத்தனை ருசியாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் இந்தக் குழந்தை எதற்காக இப்படி உயிரைக் கொடுத்துப் படிக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

அதுவாகவே ஒருநாள் சொன்னது. தேவி தண்ணீர் பிடிக்க எழுந்து போயிருந்தாள். "மலேசியாக்கா, நான் ஃபர்ஸ்ட் மார்க்கு வாங்குனா எங்கம்மா போவாது. சத்தியம் பண்ணிகீது."

நான் தேவியைத் தனியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "ராவெல்லாம் அய்துகினே இருந்துச்சுக்கா. சரி, நீ ஃபர்ஸ்ட் மார்க்கு எடு, நான் போவலன்னேன். அதுக்கப்புறம்தான் தூங்குச்சு. புள்ளைங்க மறந்துடும்."

இந்தப் பிள்ளை மறக்கிற ஜாதி இல்லை. எனக்கோ அதை ஜெயிக்க வைத்துவிடலாம் என்று ஒரு வீம்பு வந்தது. எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டுச் சோதனை என்றால் அப்படித்தானே இருந்தது! நாடு முழுக்க ஒரே தாள். சோதனை வாரத்தில் பென்சில்களை மொத்தமாகக் கோயிலுக்குக் கொண்டுபோய் அம்மன் காலடியில் வைத்து வாங்கி வருவோம். பெற்றோர் சங்கத்துக்காரர்கள் வாளி வாளியாக மைலோ பானம் கலக்குவார்கள். முடிவு வருகிற அன்று தலைமையாசிரியர் மேடையில் பெயர் பெயராக வாசிப்பார். தாய்மார்கள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். ஒரு பிள்ளை நன்றாகச் செய்துவிட்டால் அந்தத் தெருவே நிமிர்ந்து நடக்கும். அந்தச் சோதனையையே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்கு யாரோ செத்ததுபோல இருந்தது. ஆகவே மோனிஷாவை இன்னும் கொஞ்சம் விரட்டினேன். அவளும் ஓடினாள்.

தேர்வுக்கு முந்தைய வாரம் பள்ளி வாசலில் அவளுடைய வகுப்பு ஆசிரியையைப் பார்த்தேன். முடிவு என்றைக்கு வரும் என்று கேட்டேன்.

"யாருக்கு?"

"பிள்ளைகளுக்கு."

"பசங்களுக்கு வராதுங்க. மாவட்டத்துல மொத்தமா எப்படிப் படிக்கிறாங்கன்னு பாக்குறதுக்குத்தான் இந்தத் தேர்வு. தனித்தனியா மார்க் கிடையாது, ரேங்க் கிடையாது. நாங்களே பயப்படாம எழுதுங்கன்னுதான் சொல்லியிருக்கோம்."

நல்ல விஷயம்தான். பிள்ளைகளைப் பந்தயக் குதிரையாக்காத தேர்வு. எங்கள் ஊரில் இதற்காக எத்தனை பேர் கூட்டம் போட்டுப் பேசியிருப்பார்கள். ஆனால் முதல் மதிப்பெண் என்று ஒன்று இல்லாத தேர்வில் அந்தக் குழந்தை எதைக் காட்டி அம்மாவை நிறுத்தும்?

தேவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நல்லதாப் போச்சு. அவகிட்ட சொல்லிடாத."

"நல்லதா? உனக்கு வாய் கூசலையா தேவி?"

"கூசுது. இன்னா பண்ண சொல்ற? ஆத்துல எறங்குனா காலு எரியுது. வலைல வர்றது ஒரு வேள கொயம்புக்குக் காணாது. நீ புருஷன் பின்னாடி சொந்த ஊர வுட்டுட்டு வந்த. நான் புள்ளைக்காக வுட்டுட்டுப் போறேன். உன்ன யாராச்சும் கேட்டாங்களா?"

கோபத்தோடு உள்ளே போய் அவளுக்கு டீ போட்டேன்.

தேர்வு நடந்தது. வெளியே ஓடிவந்த மோனிஷாவின் விரல் நுனியெல்லாம் கறுப்பு. "ஒண்ணுகூட வுடலக்கா!" என்று குதித்தாள். அடுத்த மாதமே தேவிக்கு விசா வந்துவிட்டது. கிளம்பும் நாளில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மோனிஷா கேட்டாள்: "மார்க்கு இன்னும் வர்லியே, அதுக்குள்ள ஏன் போற?" தேவி என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். "வந்தா போன் போடு. ஒடனே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். மோனிஷாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அத்தைதான் பிள்ளையின் விரல்களைப் பிரித்தெடுத்தாள்.

அதற்கப்புறமும் மோனிஷா மாலைகளில் வந்தாள். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். மார்க்கைப் பற்றி வாயே திறக்கவில்லை. மறந்துவிட்டாள், தேவி சொன்னதுதான் சரி என்று நான்கூட நினைத்தேன். ஒருநாள் பெருக்கல் கணக்கு ஒன்றைத் தப்பாகப் போட்டாள். நான் சும்மா சுட்டிக்காட்டியதற்கு உடைந்துபோய் அழுதாள்.

"அம்மாக்கு மார்க்கு தெரிஞ்சிருச்சு. கம்மியா வந்துகீது. அதான் போயிடுச்சு. உங்களுக்கும் தெரியும், சொல்ல மாட்டேன்றீங்க."

இத்தனை நாளும் இதைத்தான் மனதில் வைத்துக்கொண்டு நடமாடியிருக்கிறது அந்தக் குழந்தை. மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பரீட்சையில் யாருக்கும் மார்க்கே கிடையாது என்றும், அவள் தோற்கவில்லை என்றும், அம்மாவுக்கும் எனக்கும் இது முன்பே தெரியும் என்றும் சொன்னேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அப்போ நான் எவ்ளோ படிச்சிருந்தாலும் போயிருக்குமா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? அவள் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். அதே கணக்கை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டாள். இந்த முறை விடை சரியாக இருந்தது. நான் பாராட்டினேன். அவளுக்கு அதில் அக்கறை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேவிக்கு அரை நாள் ஓய்வு. கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான ஷா ஆலத்தில் ஒரு வீட்டுச் சமையலறையிலிருந்து என் போனுக்கு வீடியோவில் வருவாள். கொஞ்சம் வெளுத்திருக்கிறாள், கன்னம் ஒட்டியிருக்கிறது. போன வாரம் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மழை. எங்கள் ஊர் மழை, நாலு மணிக்குச் சொல்லிவைத்தாற்போலக் கொட்டுமே, அது. பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும் ஈரச் சுவரும் அவள் தோளுக்கு மேல் துண்டாகத் தெரிந்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! அவளும் என்னைப் பார்க்கவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. எனக்குப் பின்னால், கூடத்தில், போனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மோனிஷா எழுதிக்கொண்டிருந்தாள்.

"தேவி, கொஞ்சம் தள்ளி நில்லேன்" என்றேன்.

"நீ மொதல்ல நவுருக்கா" என்றாள் அவள்.