ஓடிபி நேரத்தில் வளர்ந்த சேனல்

என் அண்ணி ஒரு கத்தரிக்காயை வைத்துப் பிரபலமானவர். சிதம்பரத்தில் எல்லா வீட்டிலும் செய்கிற கொத்சுதான். அதை வாணலியில் கிளறிக்கொண்டே போனைப் பார்த்து ஒரு தடவை சிரித்து, "வாங்க, நம்ம வீட்டுக்கே வந்துட்டீங்க" என்றார். இரண்டு லட்சம் பேர் வந்துவிட்டார்கள். நான் அந்த வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிக் கடலூருக்கு வரும்வரை அந்தக் கொத்சுவைத் தின்றே வளர்ந்தவள். என்னை எட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை.

அண்ணன் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். மண்டபத்தில் பந்திக்கு நின்ற கூட்டத்தைவிட அண்ணியோடு செல்ஃபி எடுக்க நின்ற கூட்டம் அதிகம். மணையில் உட்கார வைத்த பெண்ணை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கை கழுவும் இடத்தில் பெரியம்மா ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இன்னும் அந்த ஜெராக்ஸ் கடைதானா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனதோடுதான் கேட்டார். அதனால்தான் எனக்கு வயிறு இன்னும் எரிந்தது. அன்று சாயங்காலம் கடலூர் பஸ்ஸில் ஏறி, ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஒரு யூடியூப் சேனல் தொடங்கிவிட்டேன்.

முதல் வீடியோ, கடற்கரையில் சூரிய உதயம். அந்தச் சூரியனை எனக்கு முன்பே ஊரில் பாதிப்பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சரி, நமக்குத் தெரிந்த தொழிலைப் பேசுவோம் என்று, "வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது எப்படி" என்று ஒன்று போட்டேன். பதினோரு முறை பார்க்கப்பட்டதாகக் காட்டியது. அதில் ஒன்பது நான். ஒன்று என் வீட்டுக்காரர். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலையில் ஷிஃப்ட் முடித்துக் களைத்து வந்த மனிதரை உட்கார வைத்து, போனைக் கையில் கொடுத்துப் பார்க்க வைத்தேன். "நல்லாத்தான் இருக்குது. எப்ப முடியும்?" என்று கேட்டார். பதினோராவது ஆள் அண்ணி. "வாய்ஸ் கொஞ்சம் கம்மியா இருக்குதும்மா" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் போட்டிருந்தார்.

என் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு லேமினேஷன் மிஷின், ஒரு ஃபேன். சாதிச் சான்று, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது, பென்ஷன் மனு, பிள்ளைகளின் காலேஜ் அப்ளிகேஷன் எல்லாம் போட்டுத் தருவேன். இதில் எதைச் செய்தாலும் வந்தவரின் போனுக்கு ஓடிபி என்று ஒரு நம்பர் வரும். அதைப் படித்து நான் கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த நம்பரை யாரும் படித்துச் சொல்வதில்லை. போனையே தூக்கி என் கையில் கொடுத்துவிடுவார்கள். "லாக்கு நாலு ஒண்ணும்மா" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார்கள். பேங்க் கணக்கு, மகள் அனுப்பிய போட்டோ, மருமகனோடு போட்ட சண்டை எல்லாம் அதற்குள் இருக்கும். சொந்தத் தம்பியிடம் காட்டாத போன் அது. என் கடை ஓடியது மிஷின்களால் அல்ல, அந்தப் பழக்கத்தால்தான். எதிரிலேயே இதே தொழிலில் இன்னும் இரண்டு கடைகள் இருந்தும் என்னிடம் வந்தார்கள் என்றால், என் கை சுத்தம் என்று ஊருக்கு ஒரு நினைப்பு.

முதலில் கேட்டுத்தான் செய்தேன். "அக்கா, என் சேனல் ஒண்ணு இருக்குது, உங்க போன்ல சப்ஸ்கிரைப் பண்ணிக்கட்டுமா?" என்பேன். அண்ணாகிராமத்திலிருந்து வந்த முந்திரி வியாபாரி, "அதுக்கு ஆதார் குடுக்கணுமா?" என்று கேட்டார். இன்னொரு அம்மா, "பண்ணா மாசாமாசம் காசு புடிப்பாங்களா?" என்றார். மூன்றாவது ஆள், "எங்க வூட்டுக்காரர கேட்டு நாளைக்கி சொல்றேன்" என்று போனவர் இன்றுவரை வரவில்லை. ஜனங்களைக் கேட்பதால்தான் இவ்வளவு குழப்பமும் என்று எனக்குப் புரிந்தது. அதனால் கேட்பதை விட்டுவிட்டேன்.

ஓடிபி வர எப்படியும் ஒரு நிமிடமாவது ஆகும். சர்வர் சுற்றினால் ஐந்து நிமிடம். அரசாங்கத்தின் சர்வர் மெதுவானது என்று எல்லோரும் திட்டுகிறார்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது. அந்த நேரத்தில் போனில் என் சேனலைத் தேடி, சப்ஸ்கிரைப் பட்டனை அமுக்கி, மணி அடையாளத்தையும் ஒரு தட்டுத் தட்டி, ஒன்றும் நடக்காததுபோல் திருப்பிக் கொடுத்துவிடுவேன். போனை வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸ்மா" என்பார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொள்வேன்.

அண்ணியின் சேனல் திறமையால் வளர்ந்தது. என் சேனல் நலத்திட்டங்களால் வளர்ந்தது. அரசு புதிதாக ஒரு உதவித்தொகை அறிவித்தால் ஒரே வாரத்தில் எனக்கு நூறு பேர். பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் எனக்கு அறுவடைக் காலம். மழை வெள்ளம் வந்து நிவாரணத்துக்கு ஜனங்கள் நனைந்துகொண்டே வரிசையில் நின்றபோது, என் மனதில் முதலில் தோன்றியது இரக்கம் என்று எழுத ஆசைதான். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டிய அன்று வீட்டில் கேசரி கிளறினேன். வீட்டுக்காரர் அதைத் தின்றுகொண்டே கேட்டார்.

"இத்தினி பேரு எங்கேர்ந்து வந்தாங்க?"

சொன்னேன். அவர் கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"அவுங்கள கேட்டியா?"

"கேட்டா யாரு மாமா பண்ணுவாங்க?"

"உன்ன நம்பித்தான போன குடுக்கறாங்க."

நம்பிக்கையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது, எனக்குச் சப்ஸ்கிரைபர் அல்லவா வேண்டும்? நான் அதை நிறுத்தவில்லை. அவரும் கேசரியை மிச்சம் வைக்கவில்லை.

அடுத்த முறை சிதம்பரம் போனபோது அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கேமரா முன்னால் சிரிக்கிற சிரிப்பு இல்லாமல், கொஞ்சம் பணிவாகவே கேட்டார். "எனக்கு இப்பல்லாம் ஏறவே மாட்டேங்குதும்மா. நீ எப்படி இவ்ளோ சீக்கிரம்?" "விடாம உழைக்கணும் அண்ணி. நேயர்களோட மனசைத் தொடணும்" என்றேன். அவர்கள் போனைத்தான் தொட்டேன் என்று எப்படிச் சொல்வது? அண்ணி நான் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஒரே ஒரு சின்னக் குறை. ஆயிரத்து நானூறு பேர் சேர்ந்தும், போடுகிற வீடியோவை இருபது பேருக்கு மேல் பார்க்கவில்லை. பார்க்காததோடு விட்டார்களா? ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் கடைக்கு வந்து போனை மேஜைமேல் வைத்தார். "எப்பப் பாத்தாலும் டிங்குன்னு அடிச்சிட்டு உன் மூஞ்சி வருது. நேத்து சாமி கும்புடறப்பகூட வந்துது. எடுத்து உடு" என்றார். "ஏதாவது வைரஸா இருக்கும் சார்" என்று சொல்லி என்னை நானே நீக்கிவிட்டேன். அவர் நன்றி சொல்லிவிட்டு, வைரஸ் வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகக் கேட்டுக்கொண்டு போனார்.

ஆட்கள் வேண்டுமென்றால் பயமுறுத்த வேண்டும். மற்றவர்களின் வீடியோக்களை ஒரு வாரம் பார்த்து நான் கண்டுபிடித்தது இதுதான். முகப்பில் சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த ஒரு முகம், "உஷார்" என்ற வார்த்தை. எனக்கு எதைப் பற்றிப் பயமுறுத்தத் தெரியும்? யோசிக்கவே தேவையில்லாமல் ஒன்று கைவசம் இருந்தது. "உஷார்! உங்க போனை யார் கையிலயும் குடுக்காதீங்க!" என்று ஒரே மூச்சில் ஆறு நிமிடம் பேசினேன். அப்படி ஒரு பேச்சு அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. அனுபவம் பேசியது அல்லவா. "ஓடிபி வர்ற ஒரு நிமிஷத்துல என்ன வேணா பண்ணலாம். உங்களுக்கே தெரியாம உங்கள ஏதோ ஒரு சேனல்ல சேத்து உட்டிருப்பாங்க. நம்பலன்னா இப்பவே போய் பாருங்க" என்று சொன்னதோடு நிற்காமல், எங்கே போய்ப் பார்க்க வேண்டும், எதை அமுக்கி நீக்க வேண்டும் என்றும் திரையில் விரலால் காட்டினேன். பேசுகிற சுகத்தில் என்ன சொல்கிறோம் என்றே உறைக்கவில்லை. முடித்துவிட்டு நானே மூன்று தடவை பார்த்து ரசித்தேன்.

அந்த வீடியோ ஓடியது. கரும்பு விவசாயிகளின் வாட்ஸ்அப் குரூப், பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப், தெருக்காரர்கள் குரூப் என்று எல்லாவற்றிலும் சுற்றியது. பார்த்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிய செய்தியை அண்ணிதான் போன் பண்ணிச் சொன்னார். குரலில் எரிச்சல் தெரிந்தது, அதற்காகவே இன்னும் ஒரு நாள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். ஆனால் அதே நேரத்தில் பக்கத்திலிருந்த சப்ஸ்கிரைபர் எண் இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரத்து நானூறு, ஆயிரத்து நூறு, எண்ணூறு. நான் சொல்லிக் கொடுத்ததை ஜனங்கள் இவ்வளவு கவனமாகக் கேட்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை.

கடைக்கு வந்தவர்கள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். போனை மட்டும் கொடுக்கவில்லை. முந்திரி வியாபாரி போனைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, நம்பரை எட்டிப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். வாத்தியார் எதிரிலிருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

அந்த வாரத்தில்தான் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்தார். புருஷன் போன பிறகு விதவைப் பென்ஷன் மனுவிலிருந்து மகனின் பாலிடெக்னிக் அப்ளிகேஷன்வரை அத்தனையும் என்னிடம் போட்டவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது, நம்பர் மட்டும் மெதுவாகப் படிப்பார். மகனுக்கு ஸ்காலர்ஷிப் புதுப்பிக்க வேண்டும், அன்றைக்குக் கடைசி நாள். விவரங்களை அடித்துவிட்டு, பழக்க தோஷத்தில் கையை நீட்டினேன். அவர் போனை இரண்டு கைகளாலும் பிடித்து மார்போடு வைத்துக்கொண்டார்.

"நான் படிக்கிறேம்மா. நீ அடிச்சிக்கோ."

"குடுங்கக்கா, சீக்கிரம் முடிஞ்சிடும்."

"நீதான வீடியோவுல சொன்ன, யாரு கையிலயும் குடுக்காதன்னு. பையன் போட்டுக் காட்டினான். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

என்னால் சிரிக்க முடியவில்லை. அவர் ஒவ்வொரு எண்ணாகத் தடவித் தடவிப் படித்தார். மூன்றாவது எண்ணுக்குள் நேரம் முடிந்து, திரும்ப அனுப்பச் சொல்லி நின்றது. திரும்பவும் அனுப்பினேன். அது வருவதற்குள், என்ன தோன்றியதோ, எனக்கே தெரியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

"அக்கா, உங்க போன்ல என் சேனல் இருந்துதுல்ல, அத நான்தான் உங்கள கேக்காம போட்டேன்."

அவர் போனை மார்போடு சாய்த்துப் பிடித்தபடியே குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியும். எனக்கு அதெல்லாம் அமுக்கத் தெரியாதே. வேற யாரு போட்டிருப்பா? வந்துடுச்சி பாரு. சொல்றேன், அடி. அஞ்சு..."

போன் அவர் மார்பை விட்டு ஒரு விரற்கடை நகர்ந்தது, அவர் பார்க்கிற அளவுக்கு மட்டும். நான் ஐந்தை அடித்துவிட்டு அடுத்த எண்ணுக்காகக் காத்திருந்தேன்.